மன்னருக்குப் பெண் பார்த்த சர்க்கார்

திருத்தணி முருகன் வள்ளிக் குறத்தியைக் கட்டிக்கொண்டு மலைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். பெண் என்ன வம்சம் என்று எந்த வைஸ்ராயும் அவருக்கு ஃபைல் போடவில்லை. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1915-ல் ஆஸ்திரேலியா போன இடத்தில் மாலி ஃபிங்க் என்ற மெல்போர்ன் பெண்ணைப் பார்த்தார் மன்னர். அவ்வளவுதான், ஆள் அவுட்! ஆகஸ்ட் 10-ந் தேதி மெல்போர்ன் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். யானை கிடையாது, நாகஸ்வரம் கிடையாது, கையெழுத்தோடு முடிந்தது.

வெள்ளைக்கார சர்க்காருக்கு வந்ததே கோபம்! கல்யாணத்தை ஏற்க முடியாது. அம்மணியை 'ஹர் ஹைனஸ்' என்று கூப்பிடக் கூடாது. பிள்ளை பிறந்தால் சிம்மாசனமும் கிடையாது. இத்தனைக்கும் தொண்டைமான்களைப் போல விசுவாசமான பார்ட்டி கும்பினிக்கு வாய்ப்பது அபூர்வம். 1799-ல் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்ததே இந்தக் குடும்பம்தான். (நாம் திட்டித் தீர்ப்பதென்னவோ எட்டப்பனை!)

சரி, இப்படி வம்சம் பார்த்த லண்டன் அரண்மனையின் சொந்தக் குடும்பப் பெயர் என்ன தெரியுமா? சாக்ஸ்-கோபர்க்-கோதா. அக்மார்க் ஜெர்மன் பிரபு வம்சம்! நடப்பதோ ஜெர்மனியோடு யுத்தம். எதிரி கெய்சர் யார்? ஐந்தாம் ஜார்ஜின் சொந்த அத்தை மகன்.

போதாததற்கு 1917-ல் லண்டன் மேல் குண்டு போட வந்த ஜெர்மன் விமானத்தின் பெயரும் 'கோதா'. வீட்டுப் பெயரே குண்டோடு வந்து விழுந்தால் மனுஷர் என்னதான் செய்வார்? அந்த ஜூலையிலேயே 'விண்ட்சர்' என்று மாற்றிக்கொண்டார். நம்மூர் ஆசாமி நியூமராலஜி பார்த்து ஒரு எழுத்தைக் கூட்டினால் மட்டும் சிரிக்கிறோம்.

இங்கே புதுக்கோட்டையில், கர்ப்பிணியான மாலிக்கு அரளி கொடுக்கப் பார்த்தார்கள் என்று பேச்சு. துரைமார் முறைப்பு ஒரு பக்கம், அரண்மனைச் சாப்பாடு ஒரு பக்கம். 1916-ல் தம்பதி ஆஸ்திரேலியாவுக்கே கிளம்பிவிட்டார்கள்.

அங்கே பிறந்த பிள்ளைக்கு மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர். புதுக்கோட்டைதான் இல்லையென்று ஆகிவிட்டது, சிட்னியாவது பெயரில் இருக்கட்டுமே! மன்னர் பந்தயக் குதிரை வளர்த்தார், பிறகு பிரான்சில் குடியேறினார். ராஜ்ஜியம் இல்லாத ராஜாவுக்கு வேறென்ன ஜோலி?

1928-ல் அவர் பாரிசில் காலமானதும், சொந்தத்தில் தேடி ராஜகோபாலத் தொண்டைமானை அரியணையில் ஏற்றியது சர்க்கார். பையனுக்கு வயது ஆறு. கல்யாணப் பேச்சு வர இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது.