என் போன், அத்தையின் ஓட்டு

தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய சந்தில், பத்துக்குப் பன்னிரண்டு ரூமில் குடித்தனம் நடத்தும் ஒரு குடும்பத் தலைவனுக்கு என்னென்ன அதிகாரம் உண்டு? கேபிள் பணம் கட்டலாம். கரண்ட் பில் கட்டலாம். கட்டிய ரசீதை யாரும் கேட்காவிட்டாலும் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் எனக்குத் தெரிந்து எதுவுமில்லை. ரிமோட் அத்தையிடம் இருக்கிறது. அத்தை என்றால் மனைவியைப் பெற்றவர். "மகளோட பத்து நாள் இருந்துட்டு வாறேன்" என்று திருநெல்வேலியில் ரயிலேறி வந்தார். அந்தப் பத்து நாள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்பேர்ப்பட்ட என்னையும் சுற்றி உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா, இன்னொரு தோசை வைக்கவா" என்று விசாரிக்கும் காலம் ஒன்று உண்டு. சேனல்களின் விருதுக் காலம். சன் டிவி 2010இல் 'சன் குடும்பம் விருதுகள்' என்று ஆரம்பித்து வைத்தது. விஜய் டிவி 2014இல் தன் பங்குக்கு ஒன்று தொடங்கியது. 2018இல் ஜீ தமிழும் ஒரு குடும்பமாகிவிட்டது. சிறந்த ஜோடி, சிறந்த மாமியார், சிறந்த வில்லி என்று ஒரு சொந்தத்தையும் விடுவதில்லை. நேயர்களுக்குப் பிடித்தவர் யார் என்று ஓட்டும் கேட்பார்கள். அங்கே ஆதார் அட்டை, ரேஷன் கார்டு எதுவும் செல்லாது. போன் நம்பர்தான் வாக்காளர். எங்கள் வீட்டு வாக்காளர்களில் ஒருவர் என் சட்டைப் பையில் இருக்கிறார்.

"மருமவனே, அந்தப் போனக் கொஞ்சம் குடுங்க."

"யாருக்குத்தை போடப் போறீங்க?"

"அது ஒங்களுக்கு எதுக்கு?"

ரகசிய வாக்கெடுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். போன்காரனுக்கே தெரியாமல் ஓட்டுப் போடும் அளவுக்கு அது முன்னேறியிருப்பது எங்கள் வீட்டில்தான்.

தெரியாமல் என்ன, தெரியும். அத்தையின் ஓட்டு எப்போதும் வில்லிக்குத்தான். "நல்லவளா நடிக்கதுக்கு என்னத்துக்கு விருது? கிளிசரின் போட்டா கண்ணீரு வந்துட்டுப் போவுது. இவளப் பாரும், ஒத்தப் புருவத்தத் தூக்கியே மூணு மாசம் கதைய ஓட்டிப்புட்டா." சினிமா விமர்சனம் எழுதுகிறவர்கள் இவரிடம் வந்து இரண்டு நாள் தங்கினால் நல்லது. தங்க இடமில்லை என்பது வேறு விஷயம்.

மனைவியின் ஓட்டு, எல்லாவற்றையும் பொறுத்துப் போகும் மருமகளுக்கு. ஓட்டை அமுக்கும்போது ஒரு பெருமூச்சு விடுவாள்; அது யாருக்கான பெருமூச்சு என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. மகள் 'குக்கு வித் கோமாளி' கட்சி. சமைக்கத் தெரியாதவர்களை இத்தனை லட்சம் பேர் கொண்டாடுவதைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ரசம் வைத்தேன். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சாப்பிடவுமில்லை.

எனக்கும் ஒரு வேட்பாளர் இருக்கிறார். சீரியலில் சோபாவின் ஓரத்தில் பேப்பரோடு உட்கார்ந்து, பெண்கள் எல்லாரும் பேசி முடித்தபின் "இங்க என்னம்மா நடக்குது?" என்று கேட்பாரே, அந்த அப்பா. அவருக்கு ஒரு ஓட்டுப் போடலாமே என்று வாய்விட்டுச் சொன்னேன். "அவரு என்ன செஞ்சாருன்னு?" என்றாள் மனைவி. அவருக்காக வாதாட எழுந்தவன், கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

இந்த விருது வழக்கம் தமிழில் பிறந்ததல்ல. 2003இலேயே ஸ்டார் பிளஸ் 'ஸ்டார் பரிவார் அவார்ட்ஸ்' ஆரம்பித்துவிட்டது. அப்போது எங்கள் சந்தில் தமிழ் வீடு, மராத்தி வீடு, உ.பி. வீடு என்று பேதமில்லாமல் இரவு பத்தரைக்கு அந்தச் சேனலின் மாமியார்–மருமகள் தொடரில் வரும் துளசிதான். துளசியின் புருஷன் மிஹிர் செத்துப்போனதும் ஜனங்கள் போட்ட கூச்சலில் எழுதியவர்கள் அவனை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தார்கள். எமனிடமிருந்தே ஆளை மீட்ட ஜனங்களுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுப்பது பெரிய காரியமா?

நான் சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டில் ஒரு தோல் பைக் கடையில் கணக்கு எழுதுகிறவன். எதைப் பார்த்தாலும் வரவு, செலவு என்று கோடு போட்டுப் பார்ப்பது தொழில் வியாதி. இந்த விருதுக்கும் போட்டுப் பார்த்தேன். சீரியல் சேனலுடையது, மேடை சேனலுடையது, கோப்பை சேனலுடையது, வாங்குகிறவர் சேனலின் ஆள். விளம்பர வருமானமும் சேனலுக்கே. வெளியிலிருந்து வருவது ஓட்டு ஒன்றுதான். எஸ்.எம்.எஸ். காலத்தில் அதற்கும் நம் காசு. ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

சும்மா சொல்லவில்லை. 2007இல் ஷாருக் கான் நடத்திய 'கோன் பனேகா குரோர்பதி'யில், வீட்டிலிருந்தபடி பதிலை அனுப்பிப் பரிசு வாங்க ஒரு போட்டி வைத்தார்கள். எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கு 2 ரூபாய் 40 காசு. அனுப்பும் காசிலிருந்தே பரிசையும் கொடுக்கிறார்கள் என்று ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம், ஸ்டாரும் ஏர்டெல்லும் 1 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2019இல் உச்ச நீதிமன்றம், அதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அந்த உத்தரவை ரத்து செய்தது. இதை ஒரு நாள் வீட்டில் விளக்கமாகச் சொன்னேன். நடுவில் விளம்பரம் முடிந்துவிட்டதால் தீர்ப்புவரை யாரும் கேட்கவில்லை.

சொல்லவும் எனக்கு யோக்கியதை போதாது. 2005இல் முதல் 'இந்தியன் ஐடல்' பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு அபிஜீத் சாவந்த் வந்தபோது, "நம்ம மும்பைப் பையன்" என்று சந்தே ரீசார்ஜ் கார்டைச் சுரண்டியது. சுரண்டியவர்களில் நானும் உண்டு. பையன் ஜெயித்தான். என் பேலன்ஸ் தோற்றது. அந்த வாரம் முழுக்க ஊருக்குப் பேச வேண்டுமானால் மிஸ்டு கால்தான்.

ஆனால் டார்ஜிலிங்காரர்களுக்கு முன்னால் நாங்களெல்லாம் கத்துக்குட்டிகள். 2007இல் மூன்றாவது 'இந்தியன் ஐடல்' இறுதிப் போட்டியில் டார்ஜிலிங்கைச் சேர்ந்த பிரசாந்த் தமாங் என்ற கொல்கத்தா போலீஸ் கான்ஸ்டபிளும் ஷில்லாங்கின் அமித் பாலும் நின்றார்கள். மலையில் ஊர் ஊராகப் பணம் வசூலித்து, ஓட்டுப் போடுவதற்கென்றே ஆள் உட்காரவைத்து, இரவு பகலாக அனுப்பினார்கள். மொத்தம் விழுந்தது சுமார் 7 கோடி என்று அப்போது செய்தி வந்தது. தமாங் ஜெயித்தார். அமித் பாலின் குரல்தான் மேல் என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. பாட்டை யார் பார்த்தார்கள்? கட்டை விரல் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் கோப்பை.

பழக்கமும் ஒரு பக்கம் இழுக்கும். லண்டனில் 1995 முதல் மக்கள் ஓட்டில் டெலிவிஷன் விருது கொடுக்கிறார்கள். அங்கே ஆன்ட், டெக் என்ற ஜோடி 2001இலிருந்து தொடர்ந்து 23 முறை சிறந்த தொகுப்பாளர் விருதைத் தூக்கிக்கொண்டு போனது. 2025இல்தான் கேரி லினேக்கர் என்ற பழைய கால்பந்து வீரர் அதைப் பறித்தார். இங்கிலாந்திலும் எங்கள் அத்தை மாதிரி நிறையப் பேர் இருக்கிறார்கள் போலிருக்கிறது. கை ஒரு முறை பழகிவிட்டால் வேறு பெயரை அமுக்காது.

இந்த வருட விருது விழா ஒளிபரப்பன்று மாலை ஆறு மணிக்கே ரூமில் இடமில்லை. விழாவை எப்போதோ எடுத்து முடித்துவிட்டார்கள், யாருக்கு எது என்பது மகளின் போனில் முன்பே வந்துவிட்டது. "சொல்லிராத, சொல்லிராத" என்று அத்தை காதைப் பொத்திக்கொண்டார். நான் மேலே ஏறும் இரும்பு ஏணியின் மூன்றாம் படியில் உட்கார்ந்தேன். பால்கனி டிக்கெட் மாதிரிதான், தலையில் ஃபேன் இடிக்காமல் இருந்தால். சுவருக்கு அந்தப் பக்கம் மராத்தி காக்கு வீட்டில் அவர்களுடைய சேனல். ஒட்டுச் சுவர், எங்கள் நாயகி அழும்போதெல்லாம் அவர்கள் வீட்டில் கைதட்டல் கேட்டது.

ஆட்டம், பாட்டு, விளம்பரம், பழைய அழுகைகளின் தொகுப்பு, மறுபடி விளம்பரம். பதினொன்றரை தாண்டியும் வில்லி வரவில்லை. எதிர்ச் சந்தில் இட்லி வியாபாரக் குடும்பம். விடிவதற்குள் சைக்கிளில் பாத்திரம் கட்டிக் கிளம்ப வேண்டியவர்கள், நாங்கள் படுக்கப் போகும் நேரத்தில்தான் எழுவார்கள். அந்த அக்கா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலில் வந்து நின்று, "வில்லிக்குக் குடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவரும் அத்தையின் கட்சி என்பது அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் கொடுத்தார்கள். வில்லி பட்டுப்புடவையில் வந்து கண்கலங்கி, "இது என் விருது இல்லைங்க, எனக்கு ஓட்டுப் போட்ட ஒவ்வொருத்தரோட விருது" என்றார்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா மருமவனே? என்னையத்தான் சொல்லுதா."

"ஓட்டு விழுந்தது என் நம்பர்ல அத்தை."

அத்தை பதில் பேசவில்லை. ஒரே ஒரு புருவத்தை மட்டும் மெல்லத் தூக்கினார். நான் ஏணியிலிருந்து இறங்கி, போனைச் சார்ஜில் போட்டு, அடுத்த சேனலின் ஓட்டு எப்போது தொடங்குகிறது என்றும் பார்த்துச் சொன்னேன்.