கடைசி யூனிட் என்ன விலை?

கேள்வி: போன தடவை 490 யூனிட், பில் 1,742 ரூபாய். இந்தத் தடவை 510 யூனிட், பில் 2,124 ரூபாய். இருபது யூனிட் கூடியதற்கு 382 ரூபாயா? மீட்டரில் கோளாறா, கணக்கில் கோளாறா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: மீட்டரும் சரி, கணக்கும் சரி. மதுரைக்காரர் 500 என்ற கோட்டைத் தாண்டிவிட்டார், அதுதான் விஷயம்.

2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்த பிறகு, அரசு மானியம் போகத் தமிழ்நாட்டு வீடுகள் கட்டுவது இதுதான். இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்குத் தலா 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, அங்கிருந்து 500 வரை 6.30. ஆக 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய். 501வது யூனிட் ஓடியதும் அந்த 2.35 ரூபாய்ச் சலுகை பறிபோகிறது. 101வது யூனிட்டிலிருந்தே 4.70 போட்டுவிடுகிறார்கள். 500க்கு மேல் போன யூனிட்டுக்கு 8.40. மொத்தம் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு! (2025 ஜூலையில் வந்த 3.16 சதவீத உயர்வை வீடுகளுக்காக அரசே ஏற்றுக்கொண்டது.)

ஆகவே "மொத்தம் எத்தனை யூனிட்" என்று கேட்பதோடு நிற்காமல், "நம் வீட்டுக் கடைசி யூனிட் என்ன விலையில் ஓடுகிறது" என்றும் கேட்க வேண்டும். நாம் மிச்சம் பிடிப்பது எப்போதும் அந்தக் கடைசி யூனிட்டிலிருந்துதான்.

வழி சுலபம். வெள்ளை அட்டையிலோ செல்போனுக்கு வந்த குறுஞ்செய்தியிலோ கடைசி ரீடிங் இருக்கும். ஐம்பதாவது நாள் மீட்டரைப் பார்த்து அதைக் கழித்தால் போதும். 430 யூனிட் என்று வந்தால் நாளொன்றுக்கு 8.6 ஓடுகிறது என்று அர்த்தம். இதே வேகத்தில் போனால் அறுபதாவது நாள் 516. மீதிப் பத்து நாளும் ஏழு யூனிட்டுக்குள் ஓட்டினால் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடலாம். மூட்டைத் துணியை இஸ்திரிக் கடைக்கு அனுப்புவதோ, விடியற்காலையில் ஏசியை ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்துவதோ, அந்தப் பத்து நாளில் செய்தால் கைமேல் பலன்.

கேள்வி: ரீடிங் எடுக்க வருபவர் ஐந்து நாள் தாமதமாக வந்தார். அதனால் நஷ்டம் யாருக்கு?
– ஒரு வாசகர், ஆவடி

பதில்: சந்தேகமே இல்லை, வீட்டுக்காரருக்குத்தான். ஒரு நாளைக்கு எட்டு யூனிட் ஓடும் வீட்டில் அறுபது நாளுக்கு 480 யூனிட், பில் 1,679 ரூபாய். அறுபத்தைந்து நாளுக்கு 520 யூனிட், பில் 2,208 ரூபாய். ஐந்து நாள் தாமதத்தால் 529 ரூபாய் கூடுகிறது.

நாள் தள்ளிப்போனதற்குக் குடும்பம் பொறுப்பாளி அல்ல. கணக்கெடுக்க வேண்டிய தேதியில் மீட்டரைத் தேதி தெரியும்படி செல்போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். மின்வாரியம் 2021இல் தொடங்கிய மின்னகம் என்ற புகார் மையத்தின் எண் 94987 94987லும் புகார் தரலாம். 2021 தேர்தலில் திமுக தந்த வாக்குறுதிகளில் மாதந்தோறும் கணக்கெடுப்பும் ஒன்று. மாதம் ஒரு கணக்கு வந்தால் பில் தானாகக் குறைந்துவிடாது என்றாலும், செலவு எங்கே எகிறுகிறது என்பது முப்பது நாள் முன்னதாகவே தெரிந்துவிடும். வாங்குகிற சம்பளம் மாதச் சம்பளமாக இருக்கும்போது அது பெரிய உதவி.

கேள்வி: பேத்தி ராத்திரி பதினோரு மணி வரை லைட்டைப் போட்டுக்கொண்டு படிக்கிறாள். ஒன்பது மணிக்கு அணைக்கச் சொன்னால் மருமகளுக்குக் கோபம் வருகிறது. நான் சொல்வது தப்பா?
– ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: பாட்டியின் கவலை நியாயம்தான், ஆனால் குற்றவாளி விளக்கு அல்ல. 9 வாட் எல்.இ.டி. பல்பு தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக எரிந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். 4.70 விலையில் ஐந்து ரூபாய். படிக்கட்டும், பாட்டி.

மிச்சம் பிடித்தே தீர வேண்டும் என்றால் டிவிக்குக் கீழே இருக்கும் செட்டாப் பெட்டியைப் பாருங்கள். ரிமோட்டில் டிவியை அணைத்தாலும் அது விழித்தே இருக்கும். 10 வாட் இழுக்கிற பெட்டி இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் 14 யூனிட் ஆகிவிடும். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்கிற பொறுப்பை இனி பாட்டி எடுத்துக்கொண்டால் மருமகளும் கோபிக்க மாட்டார்.

கேள்வி: கேஸ் விலைக்குப் பயந்து இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாமா?
– ஓர் இல்லத்தரசி, ஈரோடு

பதில்: உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் இதற்குப் பதில்.

14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் கேஸ் அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு வெப்பம் பாத்திரத்தைச் சுற்றிக் காற்றோடு போய்விடுகிறது. இண்டக்‌ஷனில் அந்த இழப்பு குறைவு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை ஏறத்தாழ 140 யூனிட்டில் முடிக்கலாம். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியபோது சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. 140 யூனிட்டை 4.70 விலையில் போட்டால் 658 ரூபாய், லாபம். 6.30 விலையில் 882, கிட்டத்தட்ட சமம். 8.40 விலையில் 1,176, சுத்த நஷ்டம்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓட்டும் சின்னக் குடும்பத்துக்கு இண்டக்‌ஷன் தாராளமாகக் கட்டுப்படியாகும். ஏற்கெனவே 420 ஓட்டும் வீட்டில் முழுச் சமையலையும் அதற்கு மாற்றினால் 500ஐத் தாண்டிப் போய்விடும். அவர்கள் வெந்நீருக்கும் பாலுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கேஸில் செய்வதே நல்லது. கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போட்டுக் குக்கரில் வைக்கிற பழக்கம் எந்த அடுப்புக்கும் நல்லது.

கேள்வி: மூன்று குடித்தனத்துக்கும் ஒரே மீட்டர். எங்களுக்குச் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார் வீட்டுக்காரர். இது நியாயமா?
– ஒரு வாடகைதாரர், திருப்பூர்

பதில்: நியாயமே இல்லை. இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளிலேயே வயிற்றெரிச்சலைக் கிளப்புவது இதுதான்.

மூன்று குடும்பமும் தலா 200 யூனிட் ஓட்டுகின்றன என்று வையுங்கள். ஒரே மீட்டரில் அது 600 யூனிட். பில் 2,880 ரூபாய். பத்து ரூபாய் வீதம் வசூலானது 6,000 ரூபாய். மிச்சம் 3,120 ரூபாய் எங்கே போகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. இதே மூன்று வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 235 ரூபாய். மூன்று வீட்டுக்கும் சேர்த்தே 705 ரூபாய்தான்! 235 ரூபாயோடு முடிய வேண்டிய குடும்பம் 2,000 ரூபாய் கட்டுகிறது. பனியன் கம்பெனியில் வாரச் சம்பளத்துக்கு உழைப்பவருக்கு அந்த வித்தியாசம் பிள்ளையின் பள்ளி வேன் காசு.

முதலில் பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். 2,880ஐ மூன்றாகப் பிரித்தால்கூடத் தலா 960தான். அடுத்து, தனிக் குடித்தனமாகப் பிரிந்திருக்கும் வீட்டுக்குத் தனி இணைப்பு கேட்கலாம். வீட்டு உரிமையாளரின் சம்மதம் தேவைப்படுவதால், மூன்று குடும்பமும் சேர்ந்து போய்ப் பேசினால்தான் காரியம் நடக்கும். இணைப்புச் செலவைப் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னால் பல உரிமையாளர்கள் இறங்கி வருவார்கள். புதிதாக வீடு பார்ப்பவர்கள் வாடகை, அட்வான்ஸ் பேசும்போதே "தனி மீட்டரா?" என்றும் கேட்டுவிடுவது உத்தமம்.

கேள்வி: ஏசியை 18இல் வைத்தால் சீக்கிரம் குளிர்ந்துவிடும், பிறகு அணைத்துவிடலாம் என்கிறான் மகன். சரிதானா?
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: தவறு. 18இல் வைத்தாலும் 24இல் வைத்தாலும் அறை குளிர்கிற வேகத்தில் பெரிய வித்தியாசம் வராது. 18ஐ எட்டும்வரை இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடும், அவ்வளவுதான். 2020 முதல் இந்தியாவில் விற்கும் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது இதற்காகத்தான். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். 26இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் மகனுக்கும் வேர்க்காது.

கேள்வி: மாடியில் சோலார் போட்டால் ஈபி பில்லே வராதா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: சொந்த மாடி இருந்து, பில் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடாகவும் இருந்தால் யோசிக்கலாம். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். 200 யூனிட் ஓட்டி 235 ரூபாய் கட்டும் வீட்டுக்குப் போட்ட முதலே திரும்பி வராது.

கேள்வி: நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள் ரேஷன் பருப்புக்கு வரிசையில் நிற்பது கௌரவக் குறைச்சல் என்கிறார் கணவர்.
– ஒரு வாசகி, சேலம்

பதில்: அரிசி அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். கடையில் துவரம்பருப்பு கிலோ நூறு ரூபாய்க்கு மேல். 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது ரேஷன் கடையில்தான் 60 ரூபாய்க்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்குமானது. கணவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு எண்பது வயது. "எனக்கு எதுக்கு ஃபேன், கரண்ட் பில் ஏறும்" என்று ராத்திரி நிறுத்திவிடுகிறார். சொன்னால் கேட்பதில்லை.
– ஒரு மகள், வேலூர்

பதில்: வேலூர் வெயில் சூரியன் மறைந்ததும் மறைவதில்லை, பகலில் வாங்கிய சூட்டைத் தளம் ராத்திரி முழுக்க வீட்டுக்குள் இறக்கும். வயதானவர்களுக்குத் தாகம் தெரிவதும் குறைவு, வேர்ப்பதும் குறைவு. ஃபேன் இல்லாத இரவு அவர்களுக்கு ஆபத்து. இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

அம்மாவிடம் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். 75 வாட் சாதாரண ஃபேன் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. 4.70 விலையில் மூன்று ரூபாய்கூட ஆகாது. பழைய பெட்டி ரெகுலேட்டராக இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். அதில் வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி பெட்டியைச் சூடாக்கியே தீர்ந்துவிடும். மின்னணு ரெகுலேட்டரில் அந்த வீண் இல்லை.

அதைவிட நல்லது பி.எல்.டி.சி. ஃபேன். அதே காற்றுக்கு 30 வாட் போதும். நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஓடும் ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் மிச்சம். கடைசி யூனிட் 6.30 விலையில் ஓடும் வீட்டில் அது 270 ரூபாய். விலை சாதாரண ஃபேனைவிட அதிகம்தான், ஆனால் இந்தக் கணக்கில் ஓரிரு வருஷத்தில் வித்தியாசம் கைக்கு வந்துவிடும். எல்லா அறைக்கும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டியதில்லை. முதல் ஃபேனை அம்மாவின் அறையில் மாட்டி, ரிமோட்டை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.