காப்பார் குசினிகளில் வண்ணக் கண்ணாடி: ஒளியியல், சமூகவியல், பல்லியியல் நோக்கில் ஓர் ஆய்வு

கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் இருக்கும் காப்பார், செம்பனைக்கும் மின் நிலையத்துக்கும் பேர்போன ஊர். அங்குள்ள தாமான் குடியிருப்பு வீடுகளில் குசினி அலமாரிக் கதவுக்கு வண்ணக் கண்ணாடி மாட்டி, உள்ளே விளக்குப் போடும் வழக்கத்தை அறிஞர் உலகம் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அக்குறையைத் தீர்க்க வந்த இவ்வாய்வின் கருதுகோள் ஒன்றே. வண்ணக் கண்ணாடி மாட்டுவது உள்ளே இருப்பதை மறைக்க. விளக்குப் போடுவது உள்ளே இருப்பதைக் காட்ட. இரண்டையும் ஒரே கதவில் செய்கிற குடும்பம் தனக்கு என்ன வேண்டும் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

முன்னோடிச் சான்றுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பாரிசில் 1248-இல் அர்ச்சிக்கப்பட்ட சாந்த் சாப்பல் தேவாலயத்தின் 15 சாளரங்களில் 1,113 விவிலியக் காட்சிகள் உள்ளன. அங்கே சூரியன் வெளியே, பக்தர்கள் உள்ளே. எழுத்தறியாதவனும் கண்ணாடியைப் பார்த்துக் கதையைப் புரிந்துகொள்ளலாம். காப்பார் அலமாரியில் விளக்கு உள்ளே, பார்ப்பவர்கள் வெளியே. மைலோ டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்தறிந்தவனுக்கும் தெரியக்கூடாது என்பதே இங்கு நோக்கம். எண்ணூறு ஆண்டுக் கலை தலைகீழாகிவிட்டதை ஐரோப்பியர் அறிந்தால் வருந்துவார்கள். நாம் சொல்ல வேண்டாம்.

செட்டிநாட்டு வீடுகளின் வாசலுக்கும் சன்னலுக்கும் மேலே பதித்த நிறக் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது என்பார்கள். அவ்வீடுகளில் பலவற்றைக் கட்டிய பணம் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டியாய் வசூலானது. மலாயா கொடுத்த வட்டியைத்தான் காப்பார்க்காரர்கள் இப்போது கண்ணாடியாகத் திரும்பப் பெறுகிறார்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் கண்ணாடி வந்த பெட்டிமேல் சீன எழுத்து இருக்கிறது. ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலையும் சிலர் சான்றுக்கு இழுப்பார்கள். அங்கே சுவர், தூண், கூரை எங்கும் மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகள். ஆனால் அவை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புபவை. நாம் ஆராய்வது வெளிச்சத்தை உள்ளே விட்டு வெளியே எடுக்கும் இனம். இரண்டையும் குழப்புவது ஆய்வுக்கு இழுக்கு.

உண்மையான மூதாதையர் தோட்டத்து லயத்தில் இருந்த கம்பிவலை அலமாரிதான். நான்கு கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பார்கள். குழம்பு, கருவாடு, நேற்றைய ரசம் எல்லாம் வலைக்குள் பளிச்சென்று தெரியும். எறும்பைத் தவிர யாரிடமும் அந்த அலமாரி எதையும் மறைத்ததில்லை. தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த பிறகுதான் அலமாரிக்கு மானம் வந்தது.

மானம் வந்ததும் குசினி இரண்டானது. முன்னால் உலர் சமையலறை, பின்னால் ஈரச் சமையலறை. சம்பல் வதக்குவது, நண்டு உடைப்பது, ஊதுபத்தி மணத்தை மீறி நெத்திலி பொரிப்பது எல்லாம் பின்னால். முன்னால் இருப்பது டோஸ்டரும், சாப்பிடுவதற்கில்லாத பிளாஸ்டிக் ஆப்பிள்களும், வண்ணக் கண்ணாடி அலமாரியும். வரிசை வீட்டைப் பின்சந்து வரைக்கும் இழுத்துக் கட்டும்போது இருந்த ஒரே சன்னலும் சுவருக்குள் போய்விடுகிறது. சூரியனைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, அந்த இடத்தில் பன்னிரண்டு வோல்ட்டில் இன்னொரு சூரியனைக் கட்டணம் கட்டி ஏற்றுவதுதான் இவ்வாய்வின் பொருள் என்றும் சொல்லலாம்.

இனி செய்முறை. இங்கே அவசரம் கூடாது. அலமாரிக் கதவின் நடுப்பலகையை எடுத்துவிட்டு, சட்டத்தின் பின்பக்க உதட்டைச் சீவி, கண்ணாடி உட்காரப் படி வெட்ட வேண்டும். கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப்பட்டை கண்ணாடியைவிடத் தடித்தது. அதை அளக்காமல் படி வெட்டிய கதவு மூடாது, பிறகு கண்ணாடிக்காரரும் தச்சரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். மரம் இந்த ஊர் ஈரத்தில் உப்பும், கண்ணாடி உப்பாது. ஒட்டுவதற்குச் சிலிக்கோன் வாங்கும்போது மூக்கைப் பயன்படுத்த வேண்டும். புளிக்காடி வாடை அடிக்கும் ரகம் காயும்போது அமிலத்தைக் கக்கி ஈயத்தை அரிக்கும். வாடையில்லாத நடுநிலை ரகமே தகும். கனமான கதவுக்கு மூன்றாவது கீல் போடச் சொன்னால் போட்டுவிடுங்கள். பேரம் பேசுவதற்கு அலமாரியில் வேறு இடங்கள் உண்டு.

விளக்கில்தான் பலர் தவறுகிறார்கள். எல்இடி பட்டையைக் கண்ணாடியைப் பார்த்து ஒட்டினால், கண்ணாடியில் அமைத்த மயில் தெரியாது; மயிலுக்குப் பின்னால் வரிசையாக அறுபது வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பட்டையைக் கதவோரத்துச் சட்டத்தின் உட்புறம் ஒட்டி, அலமாரியின் முதுகைப் பார்க்கத் திருப்ப வேண்டும். முதுகு வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அங்கே பட்டுப் பரவி, கண்ணாடி முழுக்க ஒரே சீராக ஒளிரும். முதுகு தேக்கு நிறமென்றால் பாதி வெளிச்சத்தை அது விழுங்கிவிடும். வார்ம் வைட் போட்டால் சிவப்பும் மஞ்சளும் துள்ளும், நீலம் சோர்ந்துபோகும். டேலைட் போட்டால் மயில் கழுத்து உயிர்பெறும், செம்பருத்தி காய்ச்சல் வந்தது போல் வெளுக்கும். ஒரே கதவில் மயிலும் செம்பருத்தியும் கேட்பவர்களுக்கு ஒளியியலில் பரிகாரம் இல்லை.

அடுத்தது தட்டுகள். மரத்தட்டு போட்டால் கண்ணாடியின் குறுக்கே கறுப்புக் கோடு விழும். கண்ணாடித் தட்டு போட்டாலோ அதில் வைத்த ஒவ்வொரு சாமானும் நிழலாக முன்னால் வந்து நிற்கும். இதிலிருந்து பெறப்படும் விதி: அலமாரிக்குள் வெளிச்சம் கூடக் கூட, அதில் வைக்கக்கூடிய சாமான் குறையும். விதியின் எல்லைநிலை, முழு ஒளி பெற்ற காலி அலமாரி. காப்பாரில் இதை எட்டிய வீடுகள் உண்டு. மல்லித்தூள், மசாலாப் பொட்டலம், மீன் டின், ஐஸ்கிரீம் டப்பாவில் போட்ட காய்ந்த மிளகாய் எல்லாம் பின்னால் ஈரச் சமையலறையில், கதவே இல்லாத தட்டில், மூங்கில் கூடை மறைவில் குடித்தனம் நடத்துகின்றன.

களப்பணியில் கேட்ட உரையாடல் ஒன்றை, கருதுகோளுக்கு வலுச் சேர்ப்பதால் அப்படியே தருகிறேன்.

“அண்ணே, உள்ள என்ன இருக்குன்னு வெளிய தெரியக்கூடாது.”

“அப்பக் கலர் கண்ணாடி போட்டுரலாம்கா.”

“ஆனா உள்ள லைட் எரியணும்.”

“எதுக்குக்கா?”

“என்னாண்ணே, வர்றவங்களுக்கு அழகா தெரிய வேணாமா?”

தச்சர் அளவுநாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். விலையில் இருநூறு வெள்ளி கூடியது.

பல்லியியல் பகுதியைத் தனி நூலாக எழுதத் தகும். மாலை மழை ஓய்ந்ததும் ஈசல் கிளம்பும், விளக்கைத் தேடும், அலமாரி இடுக்கு வழியாக உள்ளே போகும். ஈசலுக்குப் பின்னால் பல்லி போகும். விருந்தினர் தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோகும் நேரத்தில், ஒளிரும் மயிலின் கழுத்தில் ஐந்து விரல் விரித்த கருநிழல் ஒன்று ஏறி, தோகையில் சற்று நின்று, வாலை ஆட்டிவிட்டு இறங்கும். இந்த அசைவுக்காட்சி சாந்த் சாப்பலில் இல்லை. பல்லி எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்த்துப் பலன் சொல்ல, விருந்தினரில் ஒரு பெரியம்மா எப்போதும் இருப்பார்.

மின்சாரச் செலவு குறித்த அச்சம் தேவையற்றது. சுல்தான் சலாவுடின் அப்துல் அசிஸ் பெயர் தாங்கிய காப்பார் மின் நிலையத்தின் நிறுவுதிறன் ஒரு காலத்தில் 2,420 மெகாவாட் என்பார்கள். பட்டை மீட்டருக்குப் பத்து வாட் என்றும், அலமாரி ஒன்றுக்கு இரண்டு மீட்டர் என்றும் கொண்டால், அந்தத் திறனில் இந்த ஒரு நிலையமே 12 கோடியே 10 லட்சம் அலமாரிகளை எரிய வைக்கும். மலேசியர் தொகை மூன்றரைக் கோடிக்குள். தலைக்கு மூன்று அலமாரி கொடுத்தாலும் மிஞ்சும். நாடு முழுவதும் வேறு எந்த விளக்கும் எரியக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

கடைசியாக, சுவிட்ச். தச்சர்கள் விரும்பிப் பொருத்துவது கதவு சென்சார்: கதவைத் திறந்தால் எரியும், மூடினால் அணையும். ஆழ்ந்து யோசித்தால் இதன் பொருள் விளங்கும். விளக்கு எரியும்போது வண்ணக் கண்ணாடி அதன் முன்னால் இருக்காது. கண்ணாடி முன்னால் இருக்கும்போது விளக்கு எரியாது. இரண்டாயிரம் வெள்ளி செலவழித்த ஒரு குடும்பம் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பன்று காலையில்தான் இதைக் கண்டது என்று கேள்வி. அவசரமாகச் சென்சாரைக் கழற்றிவிட்டு, கையை ஆட்டினால் எரியும் வகையைப் பொருத்தினார்கள். மதியம் கூட்டம் நிறைந்தது. முறுக்குத் தட்டு நீட்டும்போதெல்லாம் மயில் எரிந்தது, அணைந்தது. சரியாக எரிய வைத்துக் காட்டிவிட வேண்டும் என்று வீட்டுக்காரம்மா அலமாரிப் பக்கம் நின்று இரண்டு முறை கையை நன்றாக ஆட்டினார். கூடத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தி வீட்டார், “சரிங்க, அப்ப நாங்க கெளம்புறோம்” என்று எழுந்து செருப்பைத் தேடினார்கள்.