ஜிஜி இயல்: இணைய ஆட்டக் களத்தில் மாற்றாரை மதிக்கும் முறைமை குறித்து ஓர் ஆராய்ச்சி

ஆய்வின் தேவை

பகைவனோடு பொருதும் முறைக்குத் தமிழில் இலக்கணம் உண்டு. ஆநிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை, கோட்டையை வளைக்க உழிஞை, காக்க நொச்சி என்று செயலுக்கொரு பூ வைத்தது புறப்பொருள் வெண்பாமாலை. ஆனால் நள்ளிரவில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு, சார்ஜ் தீரப்போகும் செல்போனில், முகமறியாத ஒருவனின் கோட்டையை இடிப்பவன் எந்தப் பூவைச் சூடுவது என்பதை அந்நூல் கூறாது விட்டது. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வு எல்லை: பலர் இணையவழிக் கூடி ஆடும் ஆட்டங்கள் மட்டும். கேண்டி கிரஷில் மதிக்கவோ இகழவோ மாற்றார் இன்மையின் அது விலக்கப்பட்டது. ஆன்லைன் ரம்மி நீதிமன்றங்களின் ஆராய்ச்சியில் இருப்பதால் அதுவும் விலக்கப்பட்டது.

1. ஜிஜியின் ஒழுங்கு

1998இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட், தென்கொரியாவில் தொலைக்காட்சியில் காட்டும் அளவுக்கு வளர்ந்த ஆட்டம். அங்கே தோல்வி உறுதியானவன் ‘ஜிஜி’ என்று தட்டிவிட்டுக் களம் நீங்குவான். நல்ல ஆட்டம் என்று எதிராளியைப் பாராட்டுவதும், வாளைக் கீழே வைப்பதும் அந்த ஒரே தட்டலில் முடிந்துவிடும். இதை முதலில் சொல்லும் உரிமை தோற்றவனுடையது. வென்றவன் முந்திக்கொண்டு சொன்னால், “நீ எப்பவோ செத்தாச்சு, உனக்குத்தான் இன்னும் தெரியல” என்று ஆகிவிடும். எனவே ஆட்டக்கள மரியாதையில் என்ன சொல்கிறோம் என்பதைவிட, யார், எப்போது சொல்கிறார் என்பதே முதன்மை என்க.

2. வணக்கம் வசையாதல்

முதற்சான்று, 2016இல் வந்த ஓவர்வாட்ச். வென்றவர்கள் ‘ஜிஜி’யோடு ‘ஈசி’யையும் சேர்த்து எழுதத் தொடங்கினர். நிறுவனம் திட்டவில்லை, தண்டிக்கவும் இல்லை. அச்சொற்களை எழுதுகிறவனின் வாயிலிருந்தே வேறு சொற்கள் வருமாறு செய்தது: தூங்கும் நேரம் தாண்டிவிட்டது, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்னும் பாணியில். எக்களித்தவன் ஊரறியக் குழந்தையானான்.

இரண்டாம் சான்று, ஹார்த்ஸ்டோன் என்னும் சீட்டாட்டம். முன்பின் அறியாத எதிராளியோடு இதில் எழுதிப் பேச முடியாது. ஆயத்தமாக வைத்த சில சொற்களில் ஒன்றைத் தேர்ந்து அனுப்பலாம். நன்றி, வணக்கம், நன்றாக ஆடினீர் என்று பட்டியலில் பெரும்பாலும் பண்பு வழிந்தது. அவற்றுள் ‘மன்னிக்கவும்’ என்பதைக் கழுத்தை அறுக்கும் கணத்தில் அனுப்பும் வழக்கம் பரவவே, நிறுவனம் மன்னிப்பையே நீக்கிவிட்டு ‘வாவ்’ என்பதை வைத்தது. மறுநாளிலிருந்து எதிராளி சொதப்பும்போதெல்லாம் ‘வாவ்’ வந்தது.

மூன்றாம் சான்று, 2015இல் வந்த ராக்கெட் லீக். கார்கள் பந்தாடும் இந்த ஆட்டத்தில், கோல் விழாமல் தடுத்தவனைப் புகழ ‘வாட் எ சேவ்!’ என்றொரு பொத்தான் உண்டு. அது மிகுதியும் அழுத்தப்படுவது தடுக்கத் தவறியவனை நோக்கி. விடாமல் அழுத்தினால் ஆட்டமே சலித்து, அழுத்துபவனின் வாயைச் சில நொடிகள் பூட்டுகிறது.

நான்காம் சான்று, 2016இன் கிளாஷ் ராயல். நம் கோபுரம் சரியும்போது, எதிராளி அனுப்பிய ஓர் அரசன் நம் திரையில் வயிறு குலுங்கச் சிரிப்பான். நாம் தவறான அட்டையை இறக்கிவிட்டால் ‘தேங்க்ஸ்!’ வரும். உண்மை நன்றிக்கும் நக்கல் நன்றிக்கும் வேற்றுமை யாது என்று, பத்தாம் வகுப்பில் பயிலும் தகவலாளர் ஒருவரிடம் வினவப்பட்டது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “மாமா, ஒருவாட்டி அனுப்பினா மரியாதை. மூணுவாட்டி அனுப்பினா செருப்படி” என்றார். இத்துணைச் சுருக்கமான நூற்பா இத்துறையில் வேறில்லை.

3. தடையும் விடையும்

அஃதேல், எதிரணியோடு பேசும் வாயிலையே அடைத்துவிட்டால் என்னை எனின், அதுவும் செய்து பார்க்கப்பட்டது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2021 அக்டோபரில் எதிரணிக்குக் கேட்கும் பொது அரட்டையை நிறுத்தியது. ஆயினும் வாய் அடைபட்டால் முழங்கால் பேசும் என்பதற்குத் துப்பாக்கி ஆட்டங்கள் சான்று. வீழ்த்தப்பட்டவனின் உடல்மேல் நின்று குந்தி எழுந்து, குந்தி எழுந்து கொக்கரிக்கும் வழக்கம் ஹேலோ ஆடியவர் அனைவரும் அறிந்தது. குந்துவது பதுங்குவதற்காக வைத்த வசதி. அதில் ஓர் எழுத்தும் இல்லை. எனவே தணிக்கை செய்வதற்கும் எதுவும் இல்லை.

4. கருதுகோள்

மேற்கண்டவற்றால் பெறப்படுவது: செலவில்லாத மரியாதை விரைவில் நக்கலாகும், கைப்பொருள் கரையும் மரியாதை ஆகாது. பொத்தானை அழுத்துவதில் எதுவும் இழப்பதில்லை. ஆதலால் அதை வைத்துக் குத்துவதும் இலவசம்.

இழப்புள்ள மரியாதைக்கு டார்க் சோல்ஸ் (2011) எடுத்துக்காட்டு. பிறர் உலகில் புகுந்து கொல்வதே இதில் படையெடுப்பவனின் தொழில். ஆயினும் ஒற்றைக்கு ஒற்றை மோதுமுன் இருவரும் குனிந்து வணங்கும் வழக்கத்தை ஆடுவோர் தாமே வகுத்துக்கொண்டனர். குனிந்திருக்கும் நேரத்தில் எதிராளி வெட்டினால் தலை போகும். தலையைப் பணயம் வைத்த வணக்கமாதலின், அதை நக்கலென்று எவரும் ஐயுறுவதில்லை.

டோட்டா 2 ஆட்டத்தில் ஒருவனது இணைப்பு அறுந்தால் ஆட்டத்தை நிறுத்திவைக்கலாம். எதிரணி விரும்பினால் அந்த நிறுத்தத்தை நீக்கவும் முடியும். கரண்ட் போய் மோடம் உயிர்த்தெழும்வரை எதிரியின் வரவுக்காகக் காத்திருக்கும் அணி, கைக்கு வந்த வெற்றியையும் இரவுச் சோற்றின் சூட்டையும் இழக்கிறது. அவ்விழப்பே அதன் மரியாதைக்கு அளவுகோல்.

பழைய சான்றும் உண்டு. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்று, முதுகில் புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்தான் சேரமான் பெருஞ்சேரலாதன். வெண்ணிக் குயத்தியார் வென்ற கரிகாலனை நோக்கியே, நின்னினும் அவன் நல்லன் என்னும் கருத்துப்படப் பாடினார். புறநானூற்றில் அது 66ஆம் பாட்டு. பரிசில் தரும் கையின் எதிரே நின்று தோற்றவனைப் புகழ்ந்ததால், அது பொத்தான் மரியாதை அன்று. (இக்கால பேட்டில் ராயல் ஆட்டங்களில் புறப்புண் மலிவு. புதருக்குள் படுத்திருந்தவன் பிடரியில் சுட்டதற்காக எவரும் வடக்கிருப்பதில்லை. நேரே லாபிக்குத் திரும்புகிறார்கள்.)

5. வென்றாரும் தோற்றாரும்

இணையச் சதுரங்கத்தில் வென்றோன் செருக்குக்குத் தனி வடிவம் உண்டு. ஒரே நகர்த்தலில் முடிக்கக்கூடிய ஆட்டத்தை முடிக்காமல், இருக்கும் சிப்பாய்களையெல்லாம் ராணிகளாக்கி அணிவகுப்பு நடத்துவது. இதற்கு நிறுவனத் தண்டனை தேவையில்லை. ராணிகள் பெருகப் பெருக எதிரி ராஜாவுக்கு நகர இடமில்லாமல் போய், செக்கும் இல்லாமல் ஸ்டேல்மேட் ஆகி, ஆட்டம் டிராவில் முடியும். அறம் விதிப்புத்தகத்திலேயே ஒளிந்திருக்கும் அரிய இடம் இது.

தோற்றோன் செருக்கோ கடிகாரத்தில் வெளிப்படும். இன்னும் பத்து நிமிடம் கையில் இருக்க, நகர்த்தாமலும் ஒப்புக்கொள்ளாமலும் குளிக்கப் போய்விடுவான்.

மறுதலைக்குச் சென்னையிலிருந்தே சான்று கிடைக்கிறது. 2021 ஜூனில் கொரோனா நிவாரண நிதிக்காக விசுவநாதன் ஆனந்த் பிரபலங்களோடு இணையத்தில் ஆடினார். அவரை வென்ற தொழிலதிபர், கணினியும் பிறரும் தமக்கு உதவியதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். பலகையில் இருந்த நிலையை ஆடினேன், எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்தேன் என்ற அளவில் ஆனந்த் நிறுத்திக்கொண்டார். ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவருக்கு அந்த அடக்கத்தின் செலவு சிறிதன்று.

6. முடிபு

ஆய்வின் பயனாகப் பின்வரும் நூற்பாக்கள் இயற்றப்பட்டன.

தோற்றோன் முந்துக, வென்றோன் பிந்துக.
ஒருமுறை நன்றி, பலமுறை பகை.
பிணத்தின் மேல் குந்தற்க.
இணைப்பற்றார்க்குக் காத்தல் தலை.
முடிக்கும் ஆட்டம் முடித்தலே பண்பு.

இவற்றுள் ஐந்தாவது, மாற்றானின் நேரமும் நேரமே என்பதை உணர்த்தி நின்றது.

மேலாய்வுக்கு உரியது ஒன்று எஞ்சுகிறது. களப்பணியின்போது ஹெட்செட்டில் செவி கருகக் கேட்ட வசைகள் எதிரியைச் சுட்டியவை அல்ல. மருந்து தராதவன், வழிமாறி ஓடியவன், தனியே புகுந்து செத்தவன் என்று எல்லாம் தன் அணிக்காரனையே சுட்டின. எதிரிக்குச் சொல்ல ‘ஜிஜி’யாவது இருக்கிறது, தோழனுக்கு அதுவும் இல்லை. ஆகவே நட்பாராய்தலுக்குத் தனி இயல் வேண்டும். அதை எழுத முன்வருவோர், குரல்வழித் தரவுகளை வீட்டுப் பெரியவர்கள் உறங்கிய பின்பே கேட்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்.