கணக்குப்புலிக்கு ஒரு வாளிச் சேறு

ஏலே பேராண்டி, அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்தி வையி. அமெரிக்காக்காரன் ஆடுத பேஸ்பாலை நீ ராவெல்லாம் முழிச்சிருந்து பாக்கது எனக்குத் தெரியும். பாரு, வேண்டாங்கல. ஆனா நீ ஆட்டத்தையா பாக்க? பந்து மட்டையில பட்டு எத்தனை மைல் வேகத்துல கெளம்புச்சு, எத்தனை டிகிரி சாஞ்சு ஏறுச்சு, இதைத்தான பாக்க? 2015-லருந்து மேஜர் லீக் மைதானம் பூராவும் கருவி மாட்டி அளக்கானுவ. அளக்கட்டும். அந்தப் பந்தை எவன் புடிச்சான்னு கேட்டா மட்டும் நீ திருதிருன்னு முழிக்க.

அன்னைக்கு ‘வார்’னு ஒண்ணு சொன்னியே, அதைக் கேட்டு எனக்கு ரெண்டு நாளு சிரிப்பு அடங்கல. ஒரு ஆட்டக்காரன் இருக்கான். அவனுக்குப் பதிலா சின்ன லீக்லருந்து சல்லிசாக் கூட்டியாந்து நிப்பாட்டக்கூடிய ஒரு மாத்து ஆளு. அந்த மாத்து ஆளை விட இவன் எத்தனை ஆட்டம் கூடுதலா ஜெயிச்சுக் குடுப்பான்? அதுதான் கணக்கு. சரிதான். அந்த மாத்து ஆளு யாருலே? பேரென்ன? எந்த ஊருக்காரன்? அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்லையாம்! பொறக்காதவனை நடுவுல நிப்பாட்டி, பொறந்தவனை எல்லாம் அவன்கூட ஒட்டி வச்சு அளக்கியளே, உங்க படிப்பே படிப்பு. அதுலயும் பேஸ்பால் ரெஃபரன்ஸ்காரன் ஒரு எண்ணைச் சொல்லுதான், ஃபேன்கிராஃப்ஸ்காரன் வேற எண்ணைச் சொல்லுதான். ஒரே மூட்டைக்கு ரெண்டு கடையில ரெண்டு எடை காட்டுத மாதிரி. நம்ம மனுசன் மூட்டையை அவுத்துப் பாப்பான். நீ ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுக்க.

எண்ணுததே தப்புன்னு நான் சொன்னேனா? எண்ணு. எண்ணுனதை ரெண்டு பக்கமும் திருப்பிப் பாரு.

சை யங்னு ஒருத்தரு. 1890-லருந்து 1911 வரைக்கும் பந்து எறிஞ்ச பிட்ச்சர். 511 ஆட்டம் ஜெயிச்சாரு. இன்னைக்கு வரைக்கும் அவரு கிட்டக்கூட ஒருத்தன் போகல. 1956-லருந்து வருஷா வருஷம் நல்ல பிட்ச்சருக்குக் குடுக்குத பரிசே அவரு பேருலதான். சரி, மேஜர் லீக்ல அதிகமாத் தோத்த பிட்ச்சர் யாரு? சொல்லு பாப்போம். அதுவும் அவருதாம்லே! முன்னூறுக்கு மேல தோத்திருக்காரு. ரிக்கி ஹெண்டர்சன் 1406 பேஸைத் திருடுனாரு. அது சாதனை. திருடப் போயி 335 தடவை மாட்டுனாரு. அதுவும் சாதனை. நோலன் ரயன் 5714 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்குனாரு, 2795 பேரைச் சும்மா நடந்து போக விட்டாரு. ரெண்டுலயும் அவருக்கு மேல ஆளில்ல. இதுல வேடிக்கை என்னன்னா, 27 சீசன் எறிஞ்ச மனுசனுக்கு அந்தச் சை யங் பரிசு ஒரு தடவைகூடக் கெடைக்கல.

இது எப்படின்னு மண்டையை ஒடைக்காத. ஒண்ணும் ஆகாதவனை முன்னூறு ஆட்டம் தோக்க எந்த மொதலாளி விடுவான்? பத்து தோத்தாலே பெட்டியைக் கட்டச் சொல்லிருவான். விடாம களத்துல கெடந்தவன் கணக்குலதான் ரெண்டும் ஏறும். இதைச் சொல்லக் கம்ப்யூட்டரா வேணும்?

கூட்டல் கழித்தல்ல நீ புலியாச்சே, இதையும் போட்டுப் பாரு. 1960 வேர்ல்ட் சீரிஸ். நியூயார்க் யாங்கீஸும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸும். ஏழு ஆட்டத்துலயும் சேத்து யாங்கீஸ் எடுத்த ரன் 55. பைரேட்ஸ் எடுத்தது 27. கோப்பை யாருக்கு? பைரேட்ஸுக்கு! யாங்கீஸ் ஜெயிச்ச அன்னைக்கெல்லாம் 16-3, 10-0, 12-0ன்னு போட்டுப் பொரட்டுனானுவ. பைரேட்ஸ்காரன் 6-4, 3-2, 5-2ன்னு சத்தமில்லாம மூணை எடுத்துக்கிட்டான். ஏழாவது ஆட்டம் 9-9ன்னு நிக்கும்போது பில் மாஸெரோஸ்கி ஒரே அடி, வேலிக்கு அங்கிட்டு. முடிஞ்சுது சோலி. அதோடயும் விடல பாரு, சீரிஸ்லயே பெரிய ஆட்டக்காரன்னு பரிசைத் தோத்த பக்கத்து பாபி ரிச்சர்ட்சனுக்குக் குடுத்தானுவ. தோத்த டீம் ஆளு அதை வாங்குனது இன்னைக்கு வரைக்கும் அந்த ஒரு தடவைதான்.

ஆனா எனக்கு வயித்தெரிச்சல் ஹார்வி ஹாடிக்ஸ் கதைதான். அதைக் கொஞ்சம் நிதானமாக் கேளு. 1959 மே 26, மில்வாக்கி. பிட்ஸ்பர்க்குக்காக எறியுதாரு. அன்னைக்கு அவருக்கு உடம்பும் சரியில்ல. ஒன்பது இன்னிங்ஸ்தான் ஆட்டம்ங்கது உனக்கே தெரியும். ஒன்பது இன்னிங்ஸ், 27 பேரு வந்தானுவ, 27 பேரும் திரும்பிப் போனானுவ. ஒருத்தன்கூட மொத பேஸை மிதிக்கல. அத்தோட முடிஞ்சிருந்தா ஊரே தூக்கி வச்சுக் கொண்டாடியிருக்கும். ஆனா இவரு பக்கத்துக்காரனுவளும் ஒரு ரன்னும் எடுக்கலையே! பன்னிரண்டு ஹிட் அடிச்சானுவ, ரன் மட்டும் இல்ல. ஆட்டம் நீண்டுச்சு. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. 36 பேரு வந்து 36 பேரும் போயாச்சு. இன்னொரு சங்கதி. பந்து எப்படி வருங்கதை மில்வாக்கிக்காரனுவ வெளியிலருந்து திருட்டுத்தனமாப் பாத்துத் துண்டைக் காட்டிச் சொல்லிக்கிட்டு இருந்தானுவளாம். பின்னால அந்தப் பக்கத்து ஆளே ஒத்துக்கிட்டாரு. கேட்டியா? என்ன பந்து வருதுன்னு தெரிஞ்சும் அடிக்க முடியல. தகவல் கையில இருந்தாப் போதும்னு சொல்லுதியே, இதுக்கு என்ன சொல்லுத?

பதிமூணாவதுல ஒருத்தன் எறிதலைக் கோட்டைவிட, ஆளு பேஸுக்கு வந்துட்டான். அப்புறம் ஜோ அட்காக் வேலி தாண்டி அடிச்சாரு. அங்கயும் கூத்து. அந்த ஆளு போக, இன்னொரு பேஸ்லருந்து அட்காக்குக்கு முன்னால ஓடுன ஹாங்க் ஆரன், ஒரு ரன்தான வேணும், ஆட்டம் முடிஞ்சுதுன்னு பாதியிலயே ஒதுங்கிட்டாரு. பின்னால வந்த அட்காக் அவரைத் தாண்டி ஓடிட்டாரு. முந்துனது தப்புன்னு அம்பயர் அவுட் குடுக்க, ஹோம் ரன் வெறும் ரெண்டு பேஸ் அடியாச் சுருங்கிப் போச்சு. கடைசிக் கணக்கு 1-0. ஹாடிக்ஸ் தோத்தாரு. இதோட விட்டானுவளா? 32 வருஷம் கழிச்சு, 1991-ல கோட்டு போட்ட கமிட்டி ஒண்ணு கூடி, ஆட்டம் முடியுத வரைக்கும் ஹிட் குடுக்காம இருந்தாத்தான் ஹிட் இல்லாத ஆட்டம்னு சட்டம் போட்டு, அவரு பேரைப் பட்டியல்லருந்தே அடிச்சுட்டானுவ. ஒன்பதோட நிப்பாட்டுனவன் பேரு அதுல இருக்கு. பன்னெண்டு வரைக்கும் இழுத்தவன் பேரு இல்ல. வேலை கூடச் செஞ்சா கூலியைக் குறைக்க கணக்கு இது.

சதவீதம் சதவீதம்னு அடிச்சுக்கிடுதியே, பேஸ்பால்லயே பெரிய சதவீதம் யாருக்குன்னு நெனைக்க? டெட் வில்லியம்ஸ் ஆயுசெல்லாம் ஆடி, பேஸுக்குப் போன விகிதம் 0.482. பெரிய ஆட்டக்காரருவள்ல அதுக்கு மேல ஒருத்தரும் இல்ல. எடி கேடலுக்கு 1.000. முழுசு! 1951 ஆகஸ்ட் 19, செயின்ட் லூயி. பிரவுன்ஸ் டீம் மொதலாளி பில் வீக் ஒரு குசும்பன். 3 அடி 7 அங்குலம் ஒசரமுள்ள கேடலுக்குச் சட்டையில ‘எட்டுல ஒண்ணு’ன்னு எண்ணு போட்டு மட்டை புடிக்க அனுப்புனாரு. மட்டையை அசைக்கப்படாதுன்னு கட்டளை. அம்பயர் மொறைச்சாரு. ஒப்பந்தத்தை எடுத்து நீட்டிட்டானுவ. டெட்ராய்ட் பிட்ச்சர் பாப் கெய்ன் சிரிச்சுக்கிட்டே எறிஞ்ச நாலு பந்தும் ஒசந்தே போச்சு. கேடல் மெதுவா நடந்து மொத பேஸுக்குப் போயி, மாத்து ஓட்டக்காரனைத் தட்டிக் குடுத்துட்டு வெளிய வந்துட்டாரு. மறுநாளே லீக் தலைவர் தடை போட்டாச்சு. ஆனா வந்த தடவையெல்லாம் பேஸுக்குப் போன கணக்கை எவன் அழிப்பான்? சதவீதத்தை மட்டும் வச்சு டீம் எடுத்தா ஒன்பது இடத்துக்கும் நீ கேடலைத்தான் போடுவ.

இனி அந்த அளக்குத கருவி சங்கதிக்கு வாரேன். அத்தனை கருவியும் அளக்குத அந்தப் பந்து, களத்துக்கு வாரதுக்கு முன்னால என்ன ஆகுதுன்னு தெரியுமா? சேறு பூசுதானுவ! நெசமாத்தாம்லே. புதுப்பந்து வழுக்கும், கையில நிக்காது. 1930-கள்ல லீனா பிளாக்பர்ன்னு ஒரு கோச், நியூஜெர்சியில டெலவர் ஆத்துப் பக்கம் ஒரு ஓடைச் சேத்தைக் கண்டுபுடிச்சாரு. இன்னைக்கும் மேஜர் லீக் பந்து ஒவ்வொண்ணுலயும் அந்தச் சேத்தைத்தான் தடவித் தேய்க்கானுவ. எடம் எதுன்னு இன்னைக்கும் ரகசியம். சேறு வேண்டாத பந்தைச் செய்யவும் பாத்தாச்சு, ஒப்பேறல. 2024-ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆளுவ அந்தச் சேத்தை ஆராஞ்சு முடிவு சொன்னாவ. தோலுக்குத் தடவுத கிரீம் கணக்காப் பரவுதாம், அதுல கெடக்க மணல் பிடிமானம் குடுக்குதாம். பிளாக்பர்ன் கட்டைவெரல் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னயே சொன்னது. போகட்டும், அறிவாளியும் ஒத்துக்கிட்டா நல்லதுதான்.

கடைசியா ஒண்ணு. இதை மட்டும் எழுதி வச்சுக்க. பாபி போனில்லான்னு ஒரு ஆட்டக்காரரு. 2000-த்துல நியூயார்க் மெட்ஸ்காரன் அவரு வேண்டாம்னு முடிவு பண்ணான். பாக்கி 59 லட்சம் டாலர் குடுக்கணும். இப்ப வேண்டாம், வருஷத்துக்கு நூத்துக்கு எட்டு வட்டி போட்டு 2011-லருந்து குடுங்கன்னு எழுதிக்கிட்டாவ. மொதலாளிக்கும் சம்மதம். அந்த மொதலாளி பணம் பெர்னி மேடாஃப்னு ஒருத்தன்கிட்ட இருந்துச்சு, அங்க எட்டுக்கு மேலயே வருதுன்னு ஒரு கணக்கு. 2008-ல மேடாஃப் மோசடியில மாட்டுனான். ஒப்பந்தம் மட்டும் அப்படியே நின்னுச்சு. வருஷா வருஷம் ஜூலை 1-ந்தேதி கிட்டத்தட்ட 11 லட்சத்து 93 ஆயிரம் டாலர் போனில்லாவுக்குப் போயிரும். அவரு ஆட்டத்தை விட்டது 2001-ல. கடைசித் தவணை 2035-ல. அன்னைக்கு அவருக்கு வயசு 72.