கயிற்றைப் பிடித்தவர் வம்சம்

முன்னோரைத் தேடிப் புறப்படுகிறவன் முதலில் கொச்சியின் கலூருக்குப் போவது முறை. அங்கே புனித அந்தோணியார் திருத்தலம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் தாங்காது. காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருவதில் அந்தோணியாரை மிஞ்ச ஆளில்லை என்பது கத்தோலிக்க உலகின் துணிபு. சாவிக்கொத்து, கம்மல், அடகுச்சீட்டு முதலியன இதில் அடங்கும். கொள்ளுப்பாட்டனார் அடங்குவாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இழந்தவன் மனம் வருந்தித் தேட வேண்டும் என்பது நிபந்தனை. கொள்ளுப்பாட்டனாரையோ நாற்பது வயதுவரை யாரும் தேடுவதில்லை. வீடு கட்டி முடித்து, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பி, சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கிய பிறகே அவர் இல்லாத குறை தெரிய வருகிறது.

குறையை உணர்த்துவது பெரும்பாலும் குடும்பயோகம். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரே வீட்டுப்பெயர் உடையவர்களாகக் கூடி, செயலாளர், பொருளாளர் தேர்ந்து, மதியம் சாப்பிட்டுக் கலைவது இந்த யோகம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்ப வரலாறு என்று கெட்டி அட்டைப் புத்தகம் போடுவார்கள். முதல் அத்தியாயத்தில் கி.பி. 52இல் தோமையார் கொடுங்கல்லூரில் கரையிறங்கி, பாலயூரில் நம்பூதிரிக் குடும்பங்களை மனந்திருப்புவார். இரண்டாம் அத்தியாயத்தில் கொள்ளுப்பாட்டனார் தென்னந்தோப்பு வாங்குவார். நடுவில் கழிந்த பதினெட்டு நூற்றாண்டுகளை ஒரு பத்தியில் கடந்துவிடுவது இவ்வகை நூல்களின் இலக்கணம். முதல் நூற்றாண்டில் கேரளத்தில் நம்பூதிரிகள் இருந்ததற்குச் சான்று இல்லை என்றும், பிராமணக் குடியேற்றம் பல நூற்றாண்டு பிந்தியது என்றும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இதனால் அறியப்படுவது, ஊரில் இல்லாதவர்களையும் மனந்திருப்பும் வல்லமை தோமையாருக்கு இருந்தது என்பதே.

கணக்கும் குடும்பப் புத்தகத்துக்குச் சாதகமாக இல்லை. தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்று வைத்தால் கி.பி. 52 முதல் இன்றுவரை சுமார் 65 தலைமுறை. ஒவ்வொருவருக்கும் பெற்றோர் இருவர் என்று பின்னோக்கி இரட்டித்துக்கொண்டே போனால், அன்று ஒரு மனிதனுக்கு மூன்றரை லட்சம் கோடி கோடிக்கு மேல் மூதாதையர் இருந்திருக்க வேண்டும். உலகத்து ஜனத்தொகையே அப்போது சில பத்துக் கோடிதான். ஆகவே ஒரே ஆள் பல இடங்களில் தாத்தாவாக வேலை பார்த்திருக்கிறார். அத்தனை பேரில் மீன்பிடித்தவரோ, மரமேறியவரோ, படகு தள்ளியவரோ ஒருவரும் அகப்படாதது குடும்ப வரலாற்றுத் துறையின் தனிச் சாதனை.

கோயில் ஏடுகளிடம் போனால் இந்தச் சாதனைக்கு ஒத்துழைப்புக் கிடைக்காது. காரணம், அவை வம்சப் பெருமைக்காக எழுதப்பட்டவை அல்ல. 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் ஒவ்வொரு பங்குச் சாமியாரும் திருமண ஏடு வைக்க வேண்டும் என்று விதித்தது, ஊருக்கு ஒரு மனைவியாக ரகசியக் கல்யாணம் செய்துகொண்டு திரிந்த ஆண்களை மடக்குவதற்காக. ஞானஸ்நான ஏட்டில் ஞானத்தாய் தகப்பன் பெயரை எழுதச் சொன்னதும் பாசத்தால் அன்று. அந்த உறவு வந்தபின் அவர்களுக்கும் பிள்ளைக்கும், பிள்ளையின் பெற்றோருக்கும் இடையே மணம் கூடாது என்பது அன்றைய சட்டம்; பிற்பாடு யாரும் மறந்துவிட்டதாக நடிக்கக் கூடாதே. 1614இல் வந்த ரோமைச் சடங்கு நூல் ஏடுகளை ஐந்தாக்கியது: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், சாவு, இவற்றோடு ஆன்மாக்களின் நிலவரம். இந்த நிலவர ஏட்டில் வீடுவாரியாக யார் யார் இருக்கிறார்கள், யார் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள், யார் செய்யவில்லை என்று இருக்கும். முன்னோரைத் தேடுகிறவன் இந்த ஏட்டை மிகவும் ஆவலோடு கேட்பான். தன் பாட்டனார் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தபின் குடும்பப் புத்தகத்துக்கு அது தேவையில்லை என்று முடிவு செய்வான்.

மலையாளக் கரைக்கு இந்த ஏட்டுப் பழக்கத்தைச் சட்டமாகக் கொண்டுவந்தது 1599இல் கொச்சிக்குத் தெற்கே உதயம்பேரூரில் கோவா பேராயர் மெனெசிஸ் கூட்டிய சங்கம். சுரியானிச் சுவடிகளைத் திருத்தவோ தீயிலிடவோ ஆணையிட்டதும் அதே சங்கம்தான். ஒரு கையால் ஏட்டைத் திறந்து மறு கையால் ஏட்டை எரித்த காரியம் உலகத்து ஆவணக் காப்பக வரலாற்றில் வேறெங்கும் இவ்வளவு சிக்கனமாக நடந்ததில்லை. அதற்கு முந்திய முன்னோர் புகையாகப் போய்விட்டதால், அவர்கள் நம்பூதிரிகளாக இருந்தார்கள் என்பதை மறுக்க இன்று யாருக்கும் வழியில்லை.

பிந்தியவர்களைத் தேடினால் பெயர் தடுக்கும். மூத்த மகனுக்குத் தகப்பன்வழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர் என்பது சிரியன் கிறிஸ்தவ வழக்கம். எனவே வர்க்கி மகன் அவுசேப்பு. அவுசேப்பு மகன் வர்க்கி. அந்த வர்க்கி மகன் மறுபடி அவுசேப்பு. வர்க்கிக்கு மகன்கள் நால்வர் என்றால், அடுத்த தலைமுறையில் நான்கு வீட்டிலும் மூத்தவன் வர்க்கி. ஒரே பங்கில் ஒரே வீட்டுப்பெயரோடு நால்வரும் நிற்கும்போது, தோப்பை வாங்கியவர் யார், விற்றுக் குடித்தவர் யார் என்பது ஏட்டில் தெரியாது. தோப்பை வாங்கியவரே நம்மவர் என்று கொள்ளுதல் மரபு. இவர்களை ஊரில் யாரும் வர்க்கி என்று கூப்பிட்டதில்லை என்பது வேறு சங்கதி. ஞானஸ்நானப் பெயர் ஏட்டுக்கு மட்டும். வீட்டில் குஞ்ஞப்பன், குட்டி, பாப்பன்.

அடுத்த தடை கொச்சியின் மட்டாஞ்சேரி. 1653 ஜனவரி 3ஆம் நாள் அங்கே திரண்ட தோமா கிறிஸ்தவர்கள், போர்த்துக்கீசியப் பாதிரிமாருக்கு இனிக் கீழ்ப்படியோம் என்று ஒரு கற்சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். எல்லாருக்கும் தொட இடமில்லாததால் சிலுவையில் கயிறு கட்டி அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்றும், இழுத்த இழுப்பில் சிலுவை சாய்ந்து கூனன் குரிசு ஆயிற்று என்றும் சொல்வார்கள். இதிலிருந்து பிரிந்தவை பல சபைகள். சபைக்குச் சபை ஏடும் வேறு. ஆகவே 1653இல் தன் பாட்டனார் எந்தப் பக்கம் நின்றார் என்று தெரியாதவன் எந்தக் கோயில் வாசலில் நிற்பது என்றும் அறியான். ஆனால் தெரியாதவர் என்று யாரும் இல்லை. கயிற்றைப் பிடித்தவர் தம் முன்னோரே என்று சொல்லும் குடும்பங்கள் அனைத்துக்கும் ஆளுக்கு ஒரு சாண் கொடுத்தால் அந்தக் கயிறு ஆலப்புழை வரை நீள வேண்டியிருக்கும். கயிறு கிடைப்பதற்கு ஆலப்புழையில் பஞ்சமில்லை என்பதால் இதை முற்றிலும் தள்ளிவிட முடியாது.

தமிழர் இதைப் படித்து நகைக்க வேண்டாம். முத்துக்குளித்துறைப் பரதவரின் முதல் ஞானஸ்நானமும் கொச்சியில்தான் நடந்தது. 1530களில் முத்துக் குளிப்புத் தகராறில் போர்த்துக்கீசியர் காவலை நாடிப் பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிமார் கொச்சிக்குப் போனார்கள். குதிரை வியாபாரி ஜான் தா குரூஸ் சொன்ன யோசனை அது. போன எண்பத்தைந்து பேர் அங்கேயே ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார்கள். பின்னர் கொச்சியிலிருந்து பாதிரிமார் கடற்கரைக்கு வந்து ஆயிரக்கணக்கில் முடித்தார்கள். பர்னாந்து, கொரைரா, மிராந்தா, மச்சாது, ரொட்ரிகோ என்று ஊர் நிறையப் பெயர் விழுந்தது இவ்வழியே. ஞானத்தகப்பன் பெயர் ஒட்டிக்கொண்டது என்பதுதான் வழக்கமான விளக்கம். அதாவது பர்னாந்து என்பது அன்று சடங்கின்போது பக்கத்தில் நின்றவரின் பெயர். நானூற்றுத் தொண்ணூறு ஆண்டு கழித்து அந்தப் பெயரைக் காட்டி லிஸ்பனில் பாட்டி தேடுகிறவர்களிடம் இதைச் சொன்னால், தங்கள் மூக்கைத் தொட்டுக் காட்டுகிறார்கள். மூக்கை ஆவணமாக ஏற்கும் காப்பகம் இன்னும் திறக்கப்படவில்லை.

சவேரியாரும் தேடுவோருக்கு உதவவில்லை. 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்க்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகச் சொல்கிறார். ஒவ்வொருவர் பெயரையும் எழுதி அவரவர் கையிலேயே கொடுத்தாராம். நிர்வாகம் என்ற முறையில் இது மிகத் தூய்மையான ஏற்பாடு: அலுவலகத்தில் கோப்பு இல்லை, எடுத்துத் தர ஆள் தேவையில்லை, லஞ்சத்துக்கும் இடமில்லை. ஓட்டையும் ஓலையுமாயிருந்த கடற்கரைக் குடிசையில் அந்தச் சீட்டு எத்தனை மழைக்காலம் இருந்திருக்கும் என்பது மட்டும்தான் கேள்வி.

1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் கோயில்களை இடித்தார்கள். சாந்தா குரூஸ் கதீட்ரலை ஆயுதக் கிடங்காக வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு வந்த ஆங்கிலேயர் அதையும் தகர்த்தார்கள். பிரான்சிஸ்கன் கோயிலை மட்டும் டச்சுக்காரர்கள் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்று சுற்றுலாக்காரர்கள் வாஸ்கோ ட காமாவின் வெற்றுக் குழியை எட்டிப் பார்க்கும் புனித பிரான்சிஸ் கோயில் அதுதான். அங்கே ஒரு பொக்கிஷம் உண்டு: 1751 முதல் 1804 வரையான டச்சு ஞானஸ்நான, திருமண ஏடு. 1932இல் அதை இங்கிலாந்துக்கு அனுப்பி, தாள் தாளாகச் செப்பனிட்டுக் கொண்டுவந்தார்கள். பார்வையாளருக்கு அதன் போட்டோ நகலைக் காட்டுவார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மற்றக் கொச்சிக் காகிதங்கள் வேண்டுமானால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ரயிலேற வேண்டும். ஆங்கிலேயர் காலத்து ஞானஸ்நானங்களின் நகல் லண்டனில். கொச்சிக் கோட்டையில் பிறந்து அதைத் தாண்டாத பாட்டனாரின் காகிதம் அவரைவிடப் பத்தாயிரம் மடங்கு ஊர் சுற்றியிருக்கிறது.

டச்சுக்காரரின் ஏட்டுத் திறமையை முழுதாக அனுபவித்தவர்கள் யாழ்ப்பாணத்தார். அங்கே பள்ளிக்கூடத் தோம்பு என்று ஒன்று. உபாத்தியாயரே ஊர்க் கோயிற்பற்றின் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாவற்றையும் எழுதுவார். கல்யாணம் தோம்பிலேறினால்தான் பிள்ளைக்கு முதுசச் சொத்தில் உரிமை கேட்க முடியும். ஆகவே நிலமுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பெயர் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திருநீறு பூசினார்கள். டச்சுக்காரர் போனதும் கிறிஸ்தவர் தொகை உருகிப்போயிற்று. தோம்பு மட்டும் இருக்கிறது, தம் வம்சம் ஆதிசைவம் என்று நிறுவப் போகிறவர்களின் வருகையை எதிர்பார்த்து.

இதே கம்பெனி கொச்சியிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் மனிதர்களை விலைக்கு வாங்கி நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுபோயிற்று. அங்கே அவர்களுக்கு ஏட்டில் ஒரு புதுப் பெயரும் பின்னால் 'வான் மலபார்', 'வான் கொச்சின்' என்று வந்த இடமும் எழுதப்பட்டன. தகப்பன் பெயர் இல்லை, வீட்டுப்பெயர் இல்லை. தென்னாப்பிரிக்காவில் வம்சம் தேடுகிறவர்கள் இப்போது அப்படி வந்த பெண்களைத் தங்கள் முதற்பாட்டிகள் என்று மரத்தின் அடியில் எழுதிக்கொள்கிறார்கள். இந்தக் கரையில் எந்தக் குடும்பயோகமும் இவர்களுக்கு அழைப்பு அனுப்புவதில்லை.

ஏடு கைவிட்ட இடத்தில் புகைப்படம் கைகொடுக்கும் என்பர். ஸ்டுடியோப் படத்தில் கொள்ளுப்பாட்டனார் செதுக்கு வேலைப்பாட்டு நாற்காலியில் அமர்ந்து, பக்கத்து முக்காலியில் ஒரு தடித்த புத்தகத்தின்மேல் கை வைத்திருப்பார். பின்னால் தூண்களும் மாடிப்படியும். இதைக்கொண்டு அவர் கல்வியும் செல்வமும் உள்ளவர் என்று முடிவு செய்வதற்குமுன், அதே ஊரில் வேறு நாலு குடும்பத்துப் படங்களைப் பார்க்க வேண்டும். அதே நாற்காலி, அதே புத்தகம், பல சமயம் அதே கோட்டு. இவ்விதப் படங்களை வரிசைப்படுத்தினால் எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவான முன்னோர் ஒருவர் நிச்சயமாகக் கிடைக்கிறார். அது அந்த நாற்காலி.

மெய்யான ஆவணம் சவப்பெட்டிப் படம். பெட்டியைச் சாய்த்து வைத்து, இறந்தவர் முகம் தெரிய, குடும்பம் முழுதும் சுற்றி நின்று எடுத்துக்கொள்வது கேரளக் கிறிஸ்தவ வழக்கம். பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிமார் ஒரே சட்டத்துக்குள் நிற்பது இந்த ஒரு படத்தில்தான். அவர்களுக்கு நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணினால் பாகப்பிரிவினை வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தது என்றுகூடச் சொல்லலாம். கிழவிகள் சட்டையும் முண்டும் உடுத்து, மேல்காதில் வளையத்தோடு நிற்பார்கள். படத்தின் பின்புறம் ஆண்கள் பெயர் வரிசையாக இருக்கும். பெண்களுக்கு 'மற்றும் பெண்கள்' என்று இருக்கும். அந்தக் குடும்பத்தில் யார் யாருக்குப் பிறந்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள்தாம்.

இவ்வளவுக்கும் பிறகு பெயர் ஒன்று அகப்பட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணலாகாது. யூட்டா மாநிலத்தின் மார்மன் சபையார் உலகெங்கும் கோயில் ஏடுகளைப் படமெடுத்து, சால்ட் லேக் சிட்டிக்கு அருகே கருங்கல் மலையைக் குடைந்து இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மைக்ரோபிலிம் சுருள்களை வைத்திருக்கிறார்கள். வம்சம் தேடுகிற ஏழை பணக்காரர் எல்லாரும் இணையத்தில் இலவசமாகப் பார்ப்பது அவர்களுடைய படங்களைத்தான். இறந்தவர்க்காக உயிரோடிருப்பவர் ஒருவர் நீரில் இறங்கி ஞானஸ்நானம் பெறுவது அவர்கள் வழக்கம். இதைக் கண்டு 2008 ஏப்ரலில் வாட்டிகன், பங்கு ஏடுகளை இச்சபையாருக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஆயர் பேரவைகளுக்குக் கடிதம் அனுப்பியது. சபையாரின் பதில் நியாயமானது: அந்த ஞானஸ்நானம் கட்டாயம் இல்லை, இறந்தவர் அங்கிருந்தபடி ஏற்கலாம், மறுக்கலாம். கொள்ளுப்பாட்டனார் வர்க்கி என்ன சொன்னார் என்று குறித்துக்கொள்ள அவர்கள் ஏட்டிலும் பத்தி விடவில்லை.