கம்பளிக் கவசம்: ஐயமும் தெளிவும்

மாயமும் வாட்போரும் கலந்த மேனாட்டுப் படங்களில் வரும் வீரனின் உடுப்பு நால்வகைப்படும்: பூட்ஸ், மேலங்கி, அழுக்கு, சங்கிலிக் கவசம். நான்கே எற்றுக்கெனின், ஐந்தாவதைத் தேட நிதி ஒதுக்கவில்லை என்க.

பூட்ஸ் ஃபிரேமுக்குள் வருவதில்லை. ஆகவே ஆராய்ச்சிக்குள்ளும் வராது.

மேலங்கி தோளில் கிடப்பது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் வடக்குச் சுவரைக் காத்தவர்கள் போர்த்தியிருந்தது ஐகியா கடைத் தரைவிரிப்பு என்று ஆடை வடிவமைத்த மிஷேல் கிளாப்டனே சொல்லியிருக்கிறார். தரையில் கிடந்தால் விரிப்பு, தோளில் ஏறினால் அங்கி என்பது இதனால் பெறப்படும்.

அழுக்கு தானாகச் சேரக் கூடாது. அதற்கென்று சம்பளத்துக்கு ஆள் உண்டு. புதுச் சட்டையை உப்புத்தாளால் தேய்த்து, முழங்கையிலும் விளிம்பிலும் சாயம் ஏற்றிப் பழசாக்குவார்கள்.

இனிச் சங்கிலிக் கவசம். மெய்யான கவசத்தில் ஒவ்வோர் இரும்பு வளையமும் பக்கத்து வளையங்கள் நான்கைக் கோத்து நிற்கும். வளையத்தின் வாயைச் சிற்றாணி அடித்து மூடியிருப்பார்கள். முழங்கால்வரை இறங்கும் சட்டை 10 கிலோவுக்குக் குறையாது. துருப்பிடித்தால் மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டுவார்கள். நடிகரோடு சேர்த்து உருட்ட இயலாமையின், திரைக்கவசம் குழாய்வழி, கம்பளிவழி என இரண்டாயிற்று.

குழாய்வழிக்குச் சான்று ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ (2001–2003). நியூசிலாந்தில் வீட்டா பட்டறைக்காரர்கள் பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக அரிந்து, கையாலேயே கோத்து, உலோகப் பூச்சுக் கொடுத்தார்கள். நம் மாடித்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய்க்கு அது பங்காளி முறை.

கம்பளிவழிக்குச் சான்று ‘மான்டி பைதான் அண்ட் த ஹோலி கிரெயில்’ (1975). ஆர்தர் மன்னனின் வீரர்களுக்குக் கம்பளி நூலில் சட்டை பின்னி வெள்ளிச் சாயம் அடித்தார்கள். படப்பிடிப்பு ஸ்காட்லாந்து மழையில். கவசம் நீரைக் குடித்தது; வீரர்கள் வெடவெடத்தார்கள்.

இவ்விடத்து உரைகாரர் மூவராகப் பிரிவர். நனைந்தபின் கனத்தமையின் இரும்பே என்பார் ஒருவர். முழங்கையில் தொளதொளத்தமையின் கம்பளியே என மறுப்பார் மற்றொருவர். இருவரையும் வென்ற மூன்றாமவர், தம் முடிவை ஓர் அடிக்குறிப்பின் அடிக்குறிப்பில் வைத்தார். அந்தப் படி ஒரு நூலகத்தில் கரையானுக்குப் போய், கரையான் விட்டதைப் படியெடுத்தவர் அதன்மேல் காபியைக் கொட்ட, ‘கம்பளி’யில் ளகரம் கரைந்து ‘கம்பி’ ஆயிற்று. பிழைபட்ட பாடமே மூலபாடம் என்று நிறுவி ஒருவர் துறைத்தலைவரும் ஆகிவிட்டார்.

இது என் கற்பனை. அடுத்தது கற்பனை அன்று. 1824இல் சாமுவேல் ரஷ் மெய்ரிக் என்னும் ஆங்கிலேயர் கவசங்களைப் பற்றி மூன்று பாகத்தில் பெருநூல் எழுதினார். பழைய சித்திரங்களில் வளையங்கள் ஓரிடத்தில் வட்டமாகவும் ஓரிடத்தில் பட்டையாகவும் தெரிந்தனவா, வட்டத்துக்கு ஒரு கவச வகை, பட்டைக்கு ஒரு கவச வகை என்று பெயர் சூட்டிக்கொண்டே போனார். ஆயிரக்கணக்கான வளையங்களை வரைய ஓவியனுக்குக் கை வலித்திருக்கும், சுருக்கமாகக் கோடு இழுத்திருப்பான் என்று பின்வந்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். விளையாட்டுலகில் எடுபடவில்லை. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் அவ்வகைகளுள் ஒன்றான ‘ரிங் மெயில்’ இன்றும் விலைப்பட்டியலில் இருக்கிறது.

ஆகவே 3000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வாளர், குதிரைக் குளம்போசைக்குச் சிரட்டை தட்டும் மேற்படி 1975 படத்தைப் பார்த்து, ‘கம்பளிக் கவசம் பூண்ட வீரர் குதிரையின்றித் தேங்காய்ச் சிரட்டை தட்டியே பயணம் போயினர்’ என்று எழுதினால் முனைவர் பட்டம் நிச்சயம். வாய்மொழித் தேர்வில் மட்டும், தேங்காய் எந்த ஊர்க் காய் என்று கொஞ்சம் மல்லுக்கட்டுவார்கள்.